எல்லோரிடமும் இல்லாத சிஸ்டம்

கறுப்பு உறைக்குள் உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய ஒரு பிளாப்பி. அதன் வெள்ளைச் சீட்டில் பச்சை மையில் ‘ஏழாம் லயம்’ என்று எழுதியிருக்கும். எண்பதுகளில் மலேசியாவில், ஈப்போ நகரில் நான் குமாஸ்தாவாக இருந்த வக்கீல் ஆபீசில், டைப்பிஸ்ட் அக்கா அப்படி ஒரு டஜன் பிளாப்பிகளை பிஸ்கட் டின்னில் அடுக்கி வைத்திருந்தார். போன வாரம் என் மருமகன் தன் மடிக்கணினியில் எல்லோரும் வைத்திருப்பதை அழித்துவிட்டு வேறு ஏதோ இயங்குதளத்தைப் போட்டிருந்தான். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப்பார்த்து, “இதெல்லாம் சாதாரண ஆளுங்களுக்குச் சரிப்படாதுலா” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போனார். எனக்கு வந்த கோபத்தில் காப்பி இறங்கவில்லை. அந்த வாக்கியத்தை அச்சுப் பிசகாமல் நான் முன்பே கேட்டிருக்கிறேன்.

அக்கா பீடோர் பக்கத்து ரப்பர் தோட்ட ஆபீசில் டைப் அடித்தவர். தோட்டம் துண்டு துண்டாக விலைபோனதும் புந்தோங்கில் ஒரு வீட்டில் அறை எடுத்துக்கொண்டு எங்களிடம் வேலைக்கு வந்தார். அந்தச் சமயத்தில்தான் பெரிய லாயர் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். இரண்டு வருடத்துக்குள் ஊரே டாஸ் என்ற இயங்குதளத்துக்கு மாறிவிட்டது. எங்கள் பெட்டியின் சிஸ்டமோ அதற்கு முந்தியது, வேறு வகை. மற்ற ஆபீஸ்காரர்கள் எங்களைக் கேலி செய்தார்கள். அக்கா மளிகைக்கடைக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு கட்டளைகளைத் தமிழில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொண்டு, யார் தயவும் இல்லாமல் வேலையை நடத்தினார். ஆறாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர் அவர். அவரைவிடச் சாதாரண ஆளை நான் எங்கே போய்த் தேடுவது?

தோட்டத்திலிருந்து வந்தவர்களில் பலருக்குப் பிறப்புப் பத்திரம் கிடையாது. பத்திரம் இல்லாவிட்டால் குடியுரிமை இல்லை. கையில் சிவப்பு அடையாள அட்டைதான். பிரசவம் பார்த்த மருத்துவச்சி சத்தியம் செய்து கையெழுத்திட்ட வாக்குமூலம் இருந்தால் விண்ணப்பிக்க வழி உண்டு என்றார் பெரிய லாயர். மருத்துவச்சி தாப்பாவில் மகள் வீட்டில் இருந்தார். அக்காதான் பஸ்ஸில் போய் அழைத்து வந்தார். மூன்று மத்தியானங்கள் அந்த அம்மாள் நாற்காலியில் சம்மணமிட்டு உட்கார்ந்து, லயம் என்கிற தோட்டத்து வரிசைவீடுகளில் தான் பார்த்த பிரசவங்களை லயத்துக்கு லயம், வீட்டுக்கு வீடு சொல்லிக்கொண்டே போனார்.

“எழுதிக்கம்மா. ஏழாம் லயம், கடைசி வீடு. பெரட்டு மணி அடிக்கிற நேரம், மழையான மழை. பொம்பளப்புள்ள. நான்தான் கொடி அறுத்தேன். வேலை வாங்குற மண்டோர் வாசல்ல கொடை புடிச்சிக்கிட்டு நின்னாரு.”

அக்கா தாளில் குறிக்காமல் நேராகத் தட்டிக்கொண்டே போனார். கோப்புகளுக்கு லயத்தின் எண்ணையே பெயராக வைத்தார். தோட்டத்து ஆட்களுக்குப் பதிவில் ஒரு பெயர், கூப்பிடுவதற்கு ஒரு பெயர். லயம் மட்டும் மாறாது.

வாக்குமூலத்தை அச்சடித்து மருத்துவச்சியிடம் கையெழுத்து வாங்க, சம்பந்தப்பட்டவரும் படத்தோடு நேரில் வர வேண்டும். வாருங்கள் வாருங்கள் என்று அக்கா சொல்லி அனுப்பினார். அவர்கள் அசையவில்லை. ஏழாம் லயத்துக்காரி ஒருத்தி வாசல்வரை வந்தவள், “பொட்டியில ஏத்தியாச்சில்லக்கா, அப்புறம் என்னா? தீவாளி கழிச்சி வாரேன்” என்று போய்விட்டாள். காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது தோட்டத்துக் குமாஸ்தாவான கிராணி செக்ரோல் ஏட்டில் பேரைக் குறித்துவிட்டால் அன்றைய நாள் பத்திரம் என்றே பிறந்து வளர்ந்த சனம் அது. ஆபீஸில் ஏறியது அழியும் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

தீபாவளிக்கு முன்பே பெரிய லாயரின் மகன் பொறுப்புக்கு வந்தார். பழையதைக் கொடுத்துப் புதியது வாங்க ஒரே நாளில் முடிவெடுத்தார். “இந்த சிஸ்டத்த யாரு யூஸ் பண்றா இப்ப? சாதாரண ஆளுங்களுக்கு இது சரிப்படாது” என்றவர், என் பக்கம் திரும்பி, “கஷ்டம்தானே?” என்றார்.

“ஆமா சார், கஷ்டம்தான்” என்றேன்.

எல்லாவற்றையும் அச்சடித்துக்கொள்ள அக்கா ஒரு வாரம் கேட்டார். “டிஸ்க் இருக்கே. புதுசுல போட்டுப் பாத்துக்கலாம்” என்றார் சின்ன லாயர். மறுநாள் காலை கடை வேன் வந்து பெட்டியைத் தூக்கிப் போனது.

புது மெஷின் அந்த டிஸ்க்குகளில் ஒன்றைக்கூடப் படிக்கவில்லை. டின்னைத் தூக்கிக்கொண்டு அக்கா ஈப்போவில் கடை கடையாக ஏறி இறங்கினார். பழைய பெட்டியை ஏற்கெனவே கழற்றி விற்றிருந்தார்கள். எல்லோரிடமும் இல்லாத சிஸ்டத்தை வைத்திருந்தால் இந்த ஆபத்து உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது அக்காவின் கைக்கு வராததால் வந்த ஆபத்தா? நான்கு வருடம் அவர் கையில் அது ஒழுங்காகத்தான் ஓடியது. அதில் விரல் வைக்காதவர்கள் கூடிப் பேசி அவருக்குச் சரிப்படாது என்று முடிவுகட்டினார்கள்.

மருத்துவச்சியை மறுபடி அழைத்துவர அக்கா தாப்பாவுக்கு ஓடினார். அங்கே பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருந்தது. தீபாவளி கழிந்து, சொன்ன சொல் மாறாமல் ஏழாம் லயத்துக்காரி மகளை அழைத்துக்கொண்டு வந்தாள். மழையில் பிறந்த அந்தப் பெண்ணுக்கு அப்போது பன்னிரண்டு வயது, அடையாள அட்டை எடுக்கும் வயது. தலையை வழித்து வாரி, புதுப் பாவாடை கட்டி, கையில் படத்தை வைத்திருந்தாள். அக்கா அவர்களை உட்காரவைத்து உள்ளதைச் சொன்னார். அந்தத் தாய் சண்டை போட்டிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். “பரவால்லக்கா” என்று எழுந்து போனாள். அந்தப் பெண்ணுக்கு இப்போது ஐம்பது தாண்டிவிட்டது. இன்னும் சிவப்பு அட்டைதான்.

சின்ன லாயரை அக்கா ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் போன பிறகு என் மேசைக்கு வந்து நின்றார்.

“கஷ்டம்னு சொன்னியே தம்பி. ஒரு நாளாவது அதுல ஒக்காந்து பாத்தியா?”

நான் உட்கார்ந்ததே இல்லை.