ஆயுத பூஜையில் அண்ணன் பாடிய ராப்

நான் ஏழாம் வகுப்பு படித்தபோது எங்கள் வீட்டுக் குளியலறையை அண்ணன் பிடித்துக்கொண்டான். அங்கே குரல் கனமாக எதிரொலிக்குமாம். காலையில் செல்போனோடு உள்ளே போய்த் தாழிட்டு ராப் பதிவு செய்வான். பள்ளிக்கு நேரமாகிறதே என்று நான் கதவைத் தட்டுவேன். திறந்ததும், "இத்த மட்டும் கேட்டுட்டு போ" என்பான். ஒரே வரியை ஒருத்தி எத்தனை முறைதான் கேட்பது?

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் அப்பா நிரந்தரத் தொழிலாளி. ஐடிஐ முடித்த அண்ணனை, கெஞ்சிக் கூத்தாடி அங்கேயே ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்த்திருந்தார். அவனை யாரும் பேர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. "ஏ காண்ட்ராக்ட்டு" என்பார்கள். பாட்டும் அதைப் பற்றித்தான்.

அந்த வருடம் ஆயுத பூஜைக்குக் குடும்பத்தோடு ஆலைக்குப் போயிருந்தோம். பொரி, சுண்டல், சிறிய மேடை. யாரோ ஒருவர் சினிமாப் பாட்டை முடித்ததும் அண்ணன் மைக்கை வாங்கிவிட்டான்.

"மிஷினக் குளிப்பாட்டி பொட்டு வச்ச, பூவும் வச்ச,
எனக்கு இன்னா பேரு வச்ச? காண்ட்ராக்ட்டு, காண்ட்ராக்ட்டு."

தமிழ் தெரியாத மானேஜர் தாளத்துக்குத் தலையாட்டினார். பக்கத்திலிருந்தவர் அவர் காதில் ஏதோ சொன்னதும் ஆட்டம் நின்றது. பின்னால் ஒப்பந்தப் பையன்கள் எழுந்து கூடவே பாடினார்கள். அப்பா மேடையருகே போய், "எறங்குடா கீழ" என்றார்.

"இன்னும் ஒரு வரி கீது நைனா."

அந்த வரியில் தன் முழுப் பெயரையும் சொல்லிவிட்டுத்தான் இறங்கினான்.

மறுவாரம் அவனுடைய கேட் பாஸைப் புதுப்பிக்கவில்லை; வேலை போயிற்று. "சோறு போட்ட எடத்துல வாய நீட்டுன இல்ல, ஊட்லயே குந்திக்கினு பாடு" என்று அப்பா நாள்தவறாமல் திட்டினார். வகுப்பில் என்னைக் 'காண்ட்ராக்ட்டு தங்கச்சி' என்றார்கள். அப்பா, அண்ணன் இருவர் மீதும் எனக்கு எரிச்சல். பிறகு அண்ணனுக்கு வேறோர் ஆலையில் வேலை கிடைத்தது. அதுவும் ஒப்பந்தம்தான்.

ஒருநாள் கவரைப்பேட்டை பஸ் நிறுத்தத்தில் அப்பா தன் செல்போனை என்னிடம் நீட்டினார். ஒப்பந்தப் பையன்கள் அன்று செல்போனில் எடுத்த அந்தப் பாட்டை அவருக்கு அனுப்பியிருந்தார்கள்.

"அவன் பேரு சொல்ற எடத்த வை."

வைத்தேன். மறுபடி வைக்கச் சொன்னார். மூன்றாம் முறை எனக்குப் பொறுமை போய்விட்டது.

"ஊட்ல திட்டிக்கினே கீற, இங்க இன்னாத்துக்கு நைனா கேக்குற?"

அவர் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார். மிஷின் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது என்று நினைத்தேன். நிரந்தரமாவதற்கு முன் அப்பாவும் பதினோரு வருடம் ஒப்பந்தத்தில் இருந்தவர் என்பதை அதுவரை யாரும் எனக்குச் சொல்லவில்லை.