எட்டாவது எபிசோடுக்குப் பிறகு

அந்தத் தொடரின் எட்டாவது எபிசோடை ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பார்த்தோம். வெள்ளிக்கிழமையே வந்துவிட்டதுதான். ஆனால் எங்கள் லைன் வீடுகளில் பாதிப் பேருக்கு ஷிப்டு. எல்லோரும் சேர்ந்து பார்க்க ஞாயிறுதான் தோதுப்பட்டது. கவரைப்பேட்டையில் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும் ஆறு வீடுகளில் எங்களுடையது மூன்றாவது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு தட்டு நிறைய வாழைக்காய் பஜ்ஜி கொண்டுவந்திருந்தாள். தரையில் இடம் போதாமல் பிள்ளைகள் கட்டிலில் ஏறிக்கொண்டார்கள். இத்தனை பேர் எங்கள் வீட்டுக்கு வந்ததற்குக் காரணம் இருந்தது. தொடரில் என் கணவர் நடித்திருந்தார்.

அவர் நடிகர் இல்லை. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு ரோலிங் மில்லில் பதினாறு வருடம் வேலை பார்த்தவர். மில்லை மூடியபின் ஆட்டோ வாங்கினார். காலையும் மாலையும் பள்ளிக்கூடப் பிள்ளைகள், நடுவில் ஸ்டேஷன் சவாரி. மூடிக்கிடந்த அந்த மில்லில் படம் பிடிக்க ஆட்கள் வந்தபோது, ஸ்டேஷனிலிருந்து அவர்களை ஏற்றிப்போனவர் இவர். எந்தக் கதவு எங்கே போகும், எந்த ஷெட்டில் தரை பொத்துக்கொள்ளும் என்று கூடவே இருந்து காட்டினார். அங்கே ஒருநாள் இவர் எல்லோருக்கும் டீ எடுத்துக் கொடுத்ததை டைரக்டர் பார்த்திருக்கிறார்.

டம்ளரை நீட்டுவதற்கு முன்னால் அதன் விளிம்பைக் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் துடைப்பது இவர் வழக்கம். மில்லில் காற்றெல்லாம் இரும்புத்தூள். அங்கே ஒட்டிக்கொண்ட பழக்கம். டைரக்டர் மறுபடி ஒருமுறை அதையே செய்யச் சொன்னாராம். மறுநாள் வேஷம் கொடுத்துவிட்டார்.

"வாட்ச்மேன் வேஷம். சும்மா உக்காந்துக்கினு டீ குடுக்கறதுதான்," என்று மட்டும்தான் என்னிடம் சொன்னார். கதையை வெளியே சொல்லக்கூடாது என்று ஏதோ தாளில் கையெழுத்து வாங்கியிருந்தார்கள்.

விஷத்தால் ஒவ்வொரு கொலையாக நடந்துகொண்டே போகும் கதை. துப்புத் துலக்க வரும் பெண் அதிகாரிக்கு ஏழு எபிசோடுகளிலும் இவர்தான் ஆறுதல். நல்ல வாட்ச்மேன். தெருவே அவருக்காகப் பெருமைப்பட்டது. நான் வேலை பார்க்கும் கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் ஒருத்தி விடாமல் என்னைத் துளைத்தாள். "யக்கா, கொலகாரன் யாருன்னு உங்க ஊட்டுக்காரருக்குத் தெரியும்ல? எங்கிட்ட மட்டும் சொல்லு." அவருக்கு ஒன்றும் தெரியாது என்று நானும் சத்தியம் செய்தேன்.

எட்டாவது எபிசோடில் அந்த அதிகாரி களைத்துப்போய் வாட்ச்மேன் அறையில் வந்து உட்காருகிறாள். இவர் டீ ஊற்றுகிறார். கட்டைவிரல் டம்ளர் விளிம்பில் மெதுவாக ஒரு சுற்று வருகிறது. படம் அந்த விரலை விட்டு நகரவில்லை. பிறகு, செத்துப்போன ஒவ்வொருவரும் கடைசியாகக் குடித்த டம்ளரும், ஒவ்வொன்றின் விளிம்பிலும் அதே விரலும் வந்தன. அதன்பின் இவர் முகம், ஒரு சின்னச் சிரிப்போடு. எனக்குத் தெரிந்த சிரிப்பு. எங்கள் மகள் கணக்கைத் தப்பாகப் போட்டுக்கொண்டு வந்து காட்டும்போது சிரிக்கும் அதே சிரிப்பு.

வீட்டுக்குள் யாரும் பஜ்ஜியை மெல்லவில்லை.

"ஐயோ, அண்ணந்தானா?" என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. அவளுடைய கடைசிக் குழந்தை கதவோரம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்த என் கணவரைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வீறிட்டுக்கொண்டு அவள் மடிக்குத் தாவியது.

"பயப்படாத பாப்பா. அது சும்மா, நடிப்பு," என்று சிரித்தார் இவர். கூடச் சிரிக்க ஆள் இல்லை. எபிசோடு முடிந்ததும் அடுப்பில் பால், வெளியே துணி என்று ஆளுக்கொரு காரணம் சொல்லிக் கிளம்பினார்கள். பஜ்ஜித் தட்டைத் திருப்பி வாங்கக்கூட அக்கா நிற்கவில்லை.

அவர் உள்ளே போய் டீ போட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்கால டீ எப்போதும் அவர் பொறுப்பு. டம்ளரை எடுத்து, விளிம்பைத் துடைத்து நீட்டினார். பதிமூன்று வருடமாக இப்படித்தான் வாங்கிக் குடித்திருக்கிறேன். அன்று கை நீளவில்லை. வயிறு சரியில்லை என்று கீழே வைக்கச் சொன்னேன். அவர் குளிக்கப் போனதும் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றிவிட்டு டம்ளரைக் கழுவி வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன், பயமா வெட்கமா என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியாது.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கே போன்கள் வரத் தொடங்கின. அவர் ஆட்டோவில் எங்கள் மகளோடு சேர்த்து ஏழு பிள்ளைகள். ஒரு வீட்டில் மாமியார் ஊரிலிருந்து வந்திருக்கிறாராம், இனி அவரே கூட்டிப்போவாராம். இன்னொரு வீட்டில் பிள்ளைக்கு ஜுரம். மூன்றாவது வீட்டில் காரணமே சொல்லவில்லை. "இனிமே வராதீங்கண்ணா," அவ்வளவுதான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு சிறுமியின் அம்மா மட்டும் கொஞ்ச நேரம் பேசினாள். இரண்டு வருடமாக நம்பி அனுப்பியவள். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. நானே ஸ்கூட்டில இட்டுக்கினு வந்துடறேன்," என்றாள். புதன்கிழமை ஆட்டோவில் எங்கள் மகள் மட்டும் பின்சீட்டின் நடுவில் தனியாக உட்கார்ந்து போனாள்.

ஸ்டேஷனிலும் அதே கதைதான். ரயிலிலிருந்து இறங்கி வரும் பெண்கள் இவர் முகத்தைப் பார்த்ததும் பின்னால் நிற்கும் ஆட்டோவுக்கு நகர்ந்தார்கள். அந்த விரல் காட்சியை மட்டும் வெட்டி எல்லோரும் ஸ்டேட்டஸில் வைத்திருந்தார்கள். என் போனுக்கே நான்கு பேர் அனுப்பினார்கள். என் மகள் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, "இது எங்க நைனா. சீரியலில் மட்டும்தான் கெட்டவர்" என்று எழுதி ஆட்டோவின் பின்னால் ஒட்டினாள். அவர் அதைப் படித்தார். கிழிக்கவில்லை.

வியாழக்கிழமை எனக்குக் காலை ஷிப்டு. மூன்று மணிக்கு வந்துவிட்டேன். மகளுக்குச் செருப்பு வாங்கப் பொன்னேரிக்குப் போகலாம் என்று நானும் அவரோடு பள்ளிக்கூடத்துக்குப் போனேன். ஹைவேயை ஒட்டிய பள்ளிக்கூடம். ஆந்திரா போகும் லாரிகள் நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். மகள் ஏறிக்கொண்டாள். மற்ற பிள்ளைகளும் போய்விட்டார்கள். அந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி மட்டும் பையை மாட்டிக்கொண்டு கேட்டருகே நின்றாள். தூறல் வேறு விழ ஆரம்பித்தது.

"அவங்கம்மா கம்பெனி பஸ்ஸு லேட்டு போலக்குது. எறங்கித்தான ஸ்கூட்டிய எடுக்கணும்," என்றார் இவர்.

"நமக்கு இன்னாத்துக்கு பேஜாரு? வண்டிய எடுய்யா," என்றேன்.

"பச்சப் புள்ளய ரோட்டாண்ட உட்டுட்டு எப்டி எடுக்கறது?"

அவர் போனிலிருந்து சிறுமியின் அம்மாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. என் போனிலிருந்தும் அடித்தேன். அதற்குள் அந்தச் சிறுமி நனைந்தபடி ஓடிவந்து ஆட்டோவில் ஏறி, என் மகள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். "அங்கிள், ஊட்டுக்குப் போலாம்!"

"எறங்கு கண்ணு. அம்மா வருவாங்க," என்றார். அவள் இறங்குவதாக இல்லை. இவர் தன் சீட்டிலிருந்து இறங்கினார். நடந்து போய் பஞ்சர் கடைப் பக்கம் இருபது அடி தள்ளி, தூறலில் நின்றார். "நீ உள்ள போயி யாரையாச்சும் இட்டுக்கினு வா. நான் பக்கத்துல நின்னா தப்பாயிடும்," என்று அங்கிருந்தே என்னிடம் சொன்னார்.

நான் பள்ளிக்கூடத்துக்குள் ஓடினேன். ஆயா ஜன்னல்களைச் சாத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னதும் மேஜைமேல் இருந்த நோட்டைப் புரட்டி வேறு ஏதாவது நம்பர் இருக்கிறதா என்று தேடினார். அவர் விரல் ஒவ்வொரு பெயராக இறங்கிக்கொண்டிருந்தபோது வெளியே ஓர் அலறல் கேட்டது.

நான் வந்து பார்த்தபோது ஸ்கூட்டி ரோட்டோரம் சாய்ந்து கிடந்தது. அந்த அம்மா குழந்தையை ஆட்டோவிலிருந்து இழுத்துக்கொண்டிருந்தாள். டீக்கடையில் இருந்தவர்கள், நின்றிருந்த லாரியின் ஆட்கள் எல்லோரும் கூடிவிட்டார்கள். லுங்கி கட்டிய ஒருவர் என் கணவரின் சட்டையைப் பிடித்திருந்தார்.

"இன்னாடா, புள்ளய வண்டில ஏத்தி வச்சிக்கினு தூரமா நின்னு நோட்டம் உடுறியா?"

"டேய், இவன் அந்த எட்டாவது எபிசோடு ஆளுடா! டம்ளர தொடைப்பான் பாரு, அவன்டா!"

இவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கூட்டத்திலிருந்து ஒரு கை வந்து அவர் கன்னத்தில் அறைந்தது. அறைந்தவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. "நைனா!" என்று என் மகள் கத்தினாள். கைகளில் போன்கள் உயர்ந்தன.

ஆட்களைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனேன். "உடுங்கய்யா! நான் அவரு பொண்டாட்டி. புள்ள தனியா நிக்குதேன்னு நான்தான் உள்ள சொல்லப் போனேன்."

"பொண்டாட்டிக்குத் தெரியாமலா இருக்கும்?" என்று ஒரு பெண்குரல் கேட்டது.

தெரியாமல் இருக்க என்ன இருக்கிறது, நடந்ததெல்லாம் டிவியில் அல்லவா நடந்தது? அப்படித் திருப்பிக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் நானும் டீயைக் கொட்டியவள்தானே. இன்னொரு கை ஓங்கியது. அவர் கண்ணை மூடிக்கொண்டார். தடுக்கக்கூட இல்லை.

ஆயா குடையோடு வந்து சேர்ந்தார். மெலிந்த உடம்பு, ஆனால் இருநூறு பிள்ளைகளை அடக்கிப் பழகிய குரல். "யோவ், கைய எடுங்கய்யா! ரெண்டு வருசமா இந்தப் பசங்கள இட்டுக்கினு வந்து உடறவரு. புள்ள தனியா நிக்குதுன்னு தகவல் சொன்னதே இவங்கதான். இத்தினி பேரு டீக்கடைல குந்திக்கினு இருந்தீங்களே, ஒருத்தனாவது அந்தப் புள்ளய இன்னான்னு கேட்டீங்களா?"

"அங்கிள் எறங்கச் சொன்னாரும்மா. நான்தான் எறங்கல," என்றாள் சிறுமி.

சட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது. அந்த அம்மா அப்படியே ஈரத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "பஸ்ஸு லேட்டாயிடுச்சு ஆயா. அது நடிப்புன்னு எனக்குத் தெரியும். ஆனா அதப் பாத்ததுலேர்ந்து கண்ண மூடுனா அந்த வெரலுதான் வருது," என்று அழுதாள். மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

ரோந்து வண்டியில் வந்த போலீஸ்காரர் ஒருவர் கூட்டத்தைக் கலைத்தார். என்ன ஏதென்று விசாரித்து, என் கணவரின் முகத்தை உற்றுப் பார்த்தார். போலீஸ்காரர் முகம் மலர்ந்தது. "யோவ், நீ அந்த வாட்ச்மேன்ல! எங்க ஊட்ல எல்லாரும் உன்னத் திட்டிக்கினே பாக்கறாங்கய்யா. வா, ஒரு செல்ஃபி எடுத்துக்கலாம்." கன்னத்தில் நாலு விரலும் பதிந்திருந்தது. அந்தக் கன்னத்தோடு, சிரிக்கச் சொன்னதற்காக இவர் சிரித்தார். அடி விழுந்ததைக்கூடப் பார்த்துக்கொண்டு நின்றேன். அந்தச் சிரிப்பை என்னால் பார்க்க முடியவில்லை.

பொன்னேரிக்குப் போகவில்லை. வரும் வழியெல்லாம் மகள் முன்னால் அவர் சீட்டிலேயே ஒட்டிக்கொண்டு வந்தாள். வீடு வந்து அவள் இறங்கிப் போனதும் சொன்னேன். "ஞாயித்துக்கெழம நீ குடுத்த டீய நான் ஊத்திட்டேன்."

"தெரியும். தொட்டில டீ நெறம் இருந்துச்சு."

"கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டு இன்னா பண்றது? நீ பொய் சொல்லுவ. அது இன்னும் பேஜாரு." ஹேண்டிலில் இருந்த மழை ஈரத்தைத் துடைத்தார். "மில்லுல நடிக்கறப்ப அது பெருசாத் தெரியல. டீதானே குடுக்கறோம்னு குடுத்தேன். அவங்க வெட்டி ஒட்டனதுல நான் அப்டி ஆயிட்டேன்."

"முன்னாடியே எங்கிட்ட மட்டும் சொல்லியிருந்தா?"

"கையெழுத்து போட்டுட்டனே," என்றார். எனக்குக் கோபம் வந்தது. அன்றுதான் அவரிடம் சத்தம் போட்டேன். அடித்தவர்கள் மேலிருந்த கோபம், என் மேலிருந்த கோபம் எல்லாவற்றையும் அவர் மேலேயே கொட்டினேன். அவர் கேட்டுக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எங்களுக்குள் பேச்சு பழையபடி ஆனது.

கடைசி எபிசோடை எங்கள் வீட்டில் போடவில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமை தெரு முழுக்கப் பக்கத்து வீட்டில் கூடியிருந்தது. எங்களைக் கூப்பிடத் தயங்கி விட்டுவிட்டார்கள். ஒரே சுவர்தானே, எல்லாம் கேட்டது. அவர் தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் அவர் குரலே கத்தியது, யாரையோ கெஞ்சியது. இந்தப் பக்கம் அவர் காயை விட்டு நிமிரவில்லை. பிறகு துப்பாக்கிச் சத்தம். பிள்ளைகள் கைதட்டினார்கள். யாரோ விசில் அடித்தார்கள்.

"செத்துட்டேன் போலக்குது," என்றார்.

கைதட்டல் நின்று கொஞ்ச நேரத்தில் எங்கள் கதவு தட்டப்பட்டது. பக்கத்து வீட்டு அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றாள். "இன்னாண்ணா இப்டி ஆயிடுச்சு? சின்ன வயசுல உன்ன அவ்ளோ கொடும பண்ணியிருக்காங்களே. பாவம்ணா நீ." அவர் தலையாட்டினார். அவளுடைய கடைசிக் குழந்தை அவள் புடவையைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தது. உள்ளே வரவில்லை. ஓடவும் இல்லை.

அடுத்த வாரம் இரண்டு வீடுகளிலிருந்து போன் வந்தது. மாமியார் ஊருக்குப் போய்விட்டாராம். ஒரு மாதத்தில் நான்கு பிள்ளைகள் திரும்பி வந்துவிட்டார்கள். அந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி வரவில்லை. அவள் அம்மா ஷிப்டை மாற்றிக்கொண்டு தானே வந்து கூட்டிப்போகிறாள் என்று என் மகள் சொன்னாள். ஒருநாள் ரயில்வே கேட் மூடியிருந்தபோது அவள் ஸ்கூட்டியும் எங்கள் ஆட்டோவும் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. குழந்தை அவருக்குக் கை காட்டியது. அம்மா என்னைப் பார்த்து, சாப்பிட்டாச்சா என்று கேட்டாள். ஆச்சு என்றேன். ரயில் போய் கேட் திறந்ததும் அவள் முதலில் கிளம்பட்டும் என்று இவர் வண்டியை எடுக்காமல் இருந்தார்.