மூடிட்டேன்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். ஆனால் இது என் மச்சானுக்கு, பட்டப்பகலில் நடந்தது. அவர் குழாய் வேலை செய்கிறவர். பேய் என்று யாராவது ஆரம்பித்தால், "லிஃப்ட்ல வருமா, படியேறி வருமா?" என்று கேட்கிற ஆள்.

அன்று மூன்றாவது மாடி வீடு ஒன்றில் புது டிஷ்வாஷர் பொருத்தப் போனார். சின்ன வேலைதான். சமையலறை சிங்க்குக்குக் கீழே ஓடும் தண்ணீர்க் குழாயில் ஒரு கிளை போட்டு, அதில் மெஷினின் ஹோஸை முடுக்க வேண்டும். மெயின் வால்வு மட்டும் நடைவழிக் கோடியில், குளியலறையில் இருந்தது. அதைத் திறந்து மூட ஓர் ஆள் வேண்டும்.

"நான் பாத்துக்கறேன் தம்பி," என்றார் வீட்டுக்கார அம்மா.

மணி 2.10. மச்சான் மல்லாந்து படுத்து, தலையை சிங்க்குக்குக் கீழே நுழைத்தார்.

"அக்கா, மூடுங்க!"

"மூடிட்டேன்."

தண்ணீர் நின்றது. குழாயை அறுத்தார். கிளையைப் பொருத்தினார். ஹோஸை முடுக்கினார். மணி 2.35.

"திறங்க!"

"திறந்துட்டேன்."

கையை நீட்டி மெஷினை ஓடவிட்டார். ஸ்ஸ்ஸ்... தண்ணீர் உள்ளே இறங்கியது. ஹோஸ் முனையில் லேசான கசிவு. மூடச் சொல்ல வாயெடுத்தார்.

"மூடிட்டேன்."

அவர் இன்னும் கேட்கவே இல்லை.

"அக்கா பலே கெட்டிக்காரிதான்!" என்று சிரித்துக்கொண்டே முனையை இறுக்கினார்.

"திறந்துட்டேன்."

இந்த முறை குரல் குளியலறையிலிருந்து வரவில்லை. நடைவழியிலிருந்து வந்தது...

ஸ்ஸ்ஸ்...

போன் அடித்தது. மணி 2.41. வீட்டுக்கார அம்மா.

"தம்பி, மூடிட்டு அப்படியே கடைக்கு வந்துட்டேன். சொல்லிட்டுத்தானே வந்தேன், காதுல விழலையா? அஞ்சே நிமிஷம். வந்து திறந்துவிடறேன்."

மச்சானின் தலை இன்னும் சிங்க்குக்குக் கீழேதான் இருந்தது.

அவர் கால்கள் வெளியே நீட்டிக் கிடந்தன.

பெருவிரலில் சில்லென்று ஒரு சொட்டு.

இன்னொன்று...

யாரோ கால்மாட்டில் நிற்கிறார்கள். ஈரத்தோடு.

"மூடவா?"

தலையை இடித்துக்கொண்டு வெளியே வந்தார். யாரும் இல்லை. பையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார். படியில் எதிரே வந்தார் வீட்டுக்கார அம்மா.

இருவரும் சேர்ந்து போய்ப் பார்த்தார்கள். குளியலறை வால்வு இறுக்கி மூடியிருந்தது. மெஷினுக்குள் தண்ணீர் தளும்பி நின்றது.

மறுநாள்தான் காவலாளி சொன்னார். கழுவுவதற்காக, மச்சான் வேலை செய்த அன்று மதியம் இரண்டேகாலுக்கே மொட்டைமாடித் தொட்டியை வடித்துவிட்டார்களாம்.

மாலை ஐந்து மணிவரை, அந்தக் கட்டடத்தில் எந்தக் குழாயிலும் ஒரு சொட்டுத் தண்ணீர் வரவில்லை.