ஆபீசருக்கும் செக்கிங்

என் மேசையில் வந்து உட்காரும் யாரையும் நான் நம்புவதில்லை. பகடையை உருட்டிவிட்டு எண் பிடிக்கவில்லை என்றால், "தண்ணி பாட்டில்ல இடிச்சிடுச்சு, மறுபடி போடறேன்" என்பார்கள். கையால் மறைத்து உருட்டிவிட்டு, யாரும் பார்ப்பதற்குள் எடுத்துக்கொண்டு, பதினெட்டு என்பார்கள். கழிப்பறைக்குப் போவதாக எழுந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று என் குறிப்புகளைப் படிப்பார்கள். எல்லாரும் படித்தவர்கள். பந்தயம் கிடையாது, பரிசு கிடையாது. அப்படியும் ஏமாற்றுவார்கள்.

வீடு கேஜிஎப் என்கிற கோலார் தங்கவயலில்; வாரநாட்களில் எனக்கு பெங்களூரில் ஒரு கூரியர் ஆபீசில் புகார் வாங்கும் வேலை. அங்கேயும் யாரையும் நம்ப முடியாது. வருஷத்தில் சில சனி ஞாயிறுகளில் அதே ஊரில் நடக்கும் விளையாட்டுத் திருவிழாக்களுக்குப் போய் மேசை நடத்துவேன். ஆறு பேர் சுற்றி உட்காருவார்கள். ஆளுக்கு ஒரு பாத்திரம். இடத்தையும் அங்கே நடப்பதையும் நான் சொல்வேன். தாங்கள் என்ன செய்கிறோம் என்று அவர்கள் சொல்வார்கள். அது பலிக்குமா என்பதை இருபது முகம் கொண்ட பகடை சொல்லும். என் அப்பாவுக்கு இதைப் பலமுறை விளக்கியிருக்கிறேன். அவர் பக்கத்து வீட்டில் சொல்வது இதுதான்: "இம்மாம் பெரிய பொம்பள, லீவு நாள்ல ரயிலேறிப் போயி தாயக்கட்ட ஆடிட்டு வர்றா."

முதலில் எனக்கு டிராகன் கதைகளைத்தான் கொடுத்தார்கள். பனிமலை, கோட்டை, வாள். நான் பனியையே பார்த்ததில்லை. நடத்தினேன். பிறகு நானே ஒரு கதை எழுதினேன். ஆறு சுரங்கத் தொழிலாளிகள் கேஜில், அதாவது ஆளை இறக்கி ஏற்றும் இரும்புக் கூண்டில், இறங்குகிறார்கள். கீழே பாறை வெடிக்கிறது, வழி அடைபடுகிறது. மேலே ஏறி வர வேண்டும். ஆறு பேரில் ஒருவரிடம் தங்கக் கல் இருக்கிறது. அது யார் என்று மற்றவர்களுக்குத் தெரியாது. தொடக்கத்தில் சீட்டு கொடுப்பேன், ஒன்றில்தான் கல் வரைந்திருக்கும். மேலே வந்ததும் செக்கிங். எல்லாரும் எழுந்து கையைத் தூக்க வேண்டும்.

தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த அப்பா ஒவ்வொரு ஷிப்ட் முடிந்தும் அப்படித்தான் கையைத் தூக்கியிருக்கிறார். வாயைத் திற, நாக்கைத் தூக்கு, காலை அகட்டு. ஆபீசர்களை யாரும் சோதித்து அவர் பார்த்ததே இல்லையாம். அதனால் என் கதையில் ஒரு விதி வைத்தேன். ஆபீசர் பாத்திரம் நான்தான். ஆறு பேரைச் சோதித்து முடித்ததும் நானும் கையைத் தூக்குவேன். ஆட்டக்காரர்களில் ஒருவர் என்னைச் சோதிப்பார்.

திருவிழா நடத்துபவர்களுக்கு இந்தக் கதையை ஒப்புக்கொள்ள மனசே இல்லை. "தொழிலாளிங்களுக்குப் பதிலா டிராகன் கதையில வர்ற குள்ளர்கள்னு வெச்சுக்கலாமா மேடம்?" என்று ஒருவர் கேட்டார். முடியாது என்றேன். கடைசியில் போன வருஷம் சனிக்கிழமை ஒன்று, ஞாயிற்றுக்கிழமை ஒன்று என்று இரண்டு ஆட்டங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். சரியாகப் போனால் இனிமேல் என் கதையையே நடத்தலாம். இல்லையென்றால் பனிமலைக்குத் திரும்ப வேண்டும்.

என்னோடு வந்தவன் பள்ளிக்கூடத்தில் கூடப் படித்தவன். எங்கள் தங்கவயலிலேயே மாரிகுப்பத்துக்காரன், பெங்களூரில் எலக்ட்ரீஷியன். அவன் தட்டில் கரண்டியால் அடித்தால் கேஜ் மணி அடிக்கிற மாதிரியே இருக்கும். நான் மேசைமேல் ஒரு கறுப்புக் கம்பளியை விரித்தேன். பகடை சத்தம் போடாது, பார்க்கவும் இருட்டு மாதிரி இருக்கும்.

சனிக்கிழமை ஆட்டம் நன்றாகவே போனது. ஆறு பேரில் ஒரு தாடிக்காரப் பையன் தோல்பெட்டியில் உலோகப் பகடைகள் கொண்டுவந்திருந்தான். தங்க நிறம், நல்ல கனம். என் நண்பன் ஒன்றைக் கையில் எடுத்து, "இன்னா தம்பி, நெஜத் தங்கமா?" என்றான்.

"நெஜத் தங்கம்னா நான் இங்க எதுக்குண்ணா உக்காந்துகினு இருக்கேன்?" என்றான் தாடி. எல்லாரும் சிரித்தார்கள்.

செக்கிங் முடிந்தது. கல்லை வைத்திருந்தவர் மாட்டாமல் தப்பித்தார். எனக்கும் சோதனை நடந்தது. கைதட்டினார்கள். நான் கம்பளியைச் சுருட்டிக் கயிறு கட்டினேன். பெட்டியை மூடப்போன தாடிக்காரன் நிறுத்தினான்.

"அக்கா, என் டி-ட்வென்டி காணோம்."

இருபது முகப் பகடைதான். மேசைக்கு அடியில் தேடினோம். நாற்காலிகளைத் தூக்கிப் பார்த்தோம். இல்லை. அதற்குள் கழுத்தில் அட்டை மாட்டிய தொண்டர் ஒருவர் வந்துவிட்டார். இடுப்பில் சின்னப் பை, கையில் வாக்கி டாக்கி. நடந்ததைக் கேட்டார். மேசையில் எட்டுப் பேர் இருந்தோம். அவர் நேராக என்னிடம் வந்தார்.

"மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பேக்கும் இவரு பேக்கும் ஒருவாட்டி பாத்துடலாமா?"

"மத்த ஆறு பேரு?"

"அவங்க டிக்கெட் வாங்கி வந்தவங்க மேடம்."

"அப்ப முதல்ல உன் பையத் தொற. இந்த மேசையில ஆபீசருக்கும் செக்கிங் உண்டு."

"நான் ஸ்டாஃப் மேடம்."

"அதைத்தான் நானும் சொல்றேன்."

அவர் திறக்கவில்லை. என் பையை நானே மேசைமேல் கவிழ்த்தேன். டிபன் பாக்ஸ், சீப்பு, ரயில் பாஸ், தலைவலித் தைலம், ஒரு பழைய வாழைப்பழம். நண்பனும் கவிழ்த்தான். டெஸ்டர், இன்சுலேஷன் டேப், தட்டு, கரண்டி. ஆறு பேரும் வேறு எங்கோ பார்த்தார்கள். "நாளைக்கு உங்க ஸ்லாட் பத்தி மெசேஜ் பண்றோம்" என்று சொல்லிவிட்டுத் தொண்டர் போய்விட்டார்.

சாயங்கால ரயிலில் உட்கார இடம் கிடைத்தது. அந்தத் தொண்டரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தேன். திட்டித் தீர்ந்ததும் வேறு யோசனை வந்தது. பகடையைக் கையில் எடுத்துப் பார்த்தது யார்? தாடிக்காரன் பக்கத்தில் நின்றது யார்? பையைக் கவிழ்த்தான், சரி. சட்டைப்பையை யாரும் பார்க்கவில்லையே? என் நண்பன் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தான். அவ்வளவு பேசுகிறவன் பேசவே இல்லை. அது ஏன்?

ரயில் பங்காருப்பேட்டையில் நின்றபோது அவன் எழுந்தான். சட்டைப்பையை வெளியே இழுத்துவிட்டான். பேன்ட் பைகள் இரண்டையும் இழுத்துவிட்டான். அவை காது மாதிரி தொங்கின. இரண்டு கையையும் தூக்கினான்.

"இன்னாடா இது? எல்லாம் பாக்கறாங்க. உக்காரு."

"ரயிலேறுனதுலேந்து என் பாக்கெட்டையே பாத்துகினு வர்ற. பாத்துக்க. வாயயும் தொறக்கட்டா?"

நான் இல்லை என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பொய்.

"ஆச்சா? இப்ப ஆபீசரு," என்றான்.

"என் பையத்தான் அங்கயே கொட்டிட்டேனே."

"கம்பளி?"

கம்பளியை யாருமே பார்க்கவில்லை. அவனே கயிற்றை அவிழ்த்து உதறினான். கனமாக ஏதோ ஒன்று தரையில் விழுந்து எதிர் சீட்டுக்கு அடியில் உருண்டது. எதிரே உட்கார்ந்திருந்த அம்மா காலைத் தூக்கிக்கொண்டு, "எலியா?" என்று கத்தினார். நான் முட்டிபோட்டுக் கையை விட்டு எடுத்தேன்.

"இன்னா நம்பர் உழுந்துச்சு?" என்றான் நண்பன்.

நான் அவனை முறைத்தேன். அவன் பைகளை உள்ளே தள்ளிக்கொண்டு உட்கார்ந்தான். பிறகு குரலைத் தாழ்த்தி, "ஜன்னல் வழியா போட்டுடு" என்றான்.

"அது அவன் பொருளுடா."

"கேஜிஎப்காரி பையில தங்கம் கெடச்சுதுன்னு ஆயுசுக்கும் சொல்லுவானுங்க. பேக்க கொட்டிக் காமிச்சப்ப இல்ல, மறுநாள் காலீல வந்துச்சுன்னா இன்னா அர்த்தம்? நானே நம்ப மாட்டேன்."

வீட்டுக்குப் போனதும் அப்பாவிடம் சொன்னேன். அவரும் அதையேதான் சொன்னார். அவரோடு வேலை செய்த ஒருவருக்கு பேன்ட் மடிப்பில் ஒரு கல் துண்டு மாட்டியிருந்ததாம். செக்கிங் வரிசையில் நிற்கும்போதுதான் பார்த்தாராம். யோக்கியமாகத் தானே எடுத்து நீட்டினார். அவரைத்தான் வேலையைவிட்டு நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு அந்த ஷிப்ட் ஆட்களுக்கு ஒரு வழக்கம் வந்தது. கேஜ் ஏறும் முன்பு கீழேயே நின்று துணியை உதறிவிடுவார்கள். ஏதாவது விழுந்தால் குனிந்து பார்ப்பதில்லை. காலால் தள்ளிவிட்டு ஏறிவிடுவார்கள்.

"நீயும் காலால தள்ளு. மேசைக்கு அடியில போட்டுட்டு வா. எவனாச்சும் எடுத்துக் குடுப்பான்," என்றார்.

யார் எடுத்துக் கொடுப்பார்கள்? அந்த மண்டபத்தில் மேசைக்கு அடியில் குனிகிறவர்கள் பெருக்குகிற பெண்கள்தான். அடுத்து அவர்கள் பையைக் கவிழ்ப்பார்கள். அதை அப்பாவிடம் சொன்னேன். அவர், "அப்ப உன் இஷ்டம்" என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

காலையில் மெசேஜ் வந்திருந்தது. ஆட்டம் உண்டு. ஆனால் ஒரு தொண்டர் என் மேசை அருகில் நிற்பார்.

அதைப் படித்ததும் பகடையைக் குப்பையில் போடலாமா என்றுகூட நினைத்தேன். போடவில்லை. ரயிலேறினோம். நண்பன் வழி நெடுக, "வேலய வுட்டு நிறுத்துனா எங்கூட வயரிங்குக்கு வா" என்று கிண்டல் செய்துகொண்டே வந்தான்.

மண்டபத்தில் கம்பளியை விரித்தேன். தாடிக்காரன் வேறு ஒரு மேசையில் இருந்தான். அவனைக் கூப்பிட்டேன். அதே தொண்டரும் வந்து நின்றார். இரண்டு பேர் முன்னாலும் பகடையைக் கம்பளிமேல் வைத்தேன்.

"இது கம்பளி மடிப்புல இருந்துச்சு. ரயில்ல உதறுனப்ப உழுந்துச்சு. நம்பினா நம்பு, நம்பாட்டி போ."

தாடிக்காரன் எடுத்துப் பார்த்தான். "ஐயோ அக்கா, கம்பளியிலயா? நான் உங்கள நெனைக்கவே இல்ல. என் பிரெண்டு எடுத்துட்டான்னு நெனச்சேன். நேத்துலேந்து அவன்கூடப் பேசல."

முந்தின நாள் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன்தான் அந்த பிரெண்டு. அப்படியானால் என் பையைப் பார்க்கச் சொன்னது யார்? தொண்டரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் வாக்கி டாக்கியைத் திருகிக்கொண்டிருந்தார். "சரி மேடம், கெடச்சுதே, அதான் முக்கியம்" என்றார். நம்பினாரா என்று முகத்தில் தெரியவில்லை. மேசையைவிட்டு நகரவும் இல்லை.

அன்றைக்கு ஆட்டக்காரர்கள் ஐந்து பேர்தான் வந்திருந்தார்கள். ஆறாவது நாற்காலி காலி.

"நின்னு பாக்கறதுக்கு இங்க எடம் இல்ல. உக்காந்து ஆடு," என்றேன்.

"டூட்டில இருக்கேன் மேடம்."

"உக்காந்துகினும் பாக்கலாம். கண்ணு அங்கயும் தெரியும்."

ஐந்து பேரும் அவரைப் பார்த்தார்கள். உட்கார்ந்தார். சீட்டுகளைக் கலைத்துக் கொடுத்தேன். கல் வரைந்த சீட்டு அவருக்குத்தான் போனது. நான் எதையும் மாற்றவில்லை. நம்பினால் நம்புங்கள்.

அது எனக்கு உடனே தெரிந்துவிட்டது. சீட்டைப் பார்த்ததும் தன் இடுப்புப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஆனால் நன்றாக ஆடினார். பாறை வெடித்தபோது காயம்பட்டவனைத் தூக்கிக்கொண்டு ஏறுகிறேன் என்றார். பகடையும் அவருக்கு விழுந்தது. நண்பன் தட்டில் மணி அடித்தான், கேஜ் மேலே வந்தது. நான் எழுந்து, ஆபீசர் குரலில், "கையத் தூக்கு" என்றேன்.

ஆறு பேரும் தூக்கினார்கள். நான் முதல் ஆளைச் சோதிப்பதற்குள் தொண்டர் சீட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

"என்கிட்டதான் சார் இருக்கு."

இதுவரை யாரும் தானாக ஒப்படைத்ததில்லை. அதற்கு நான் விதியே எழுதவில்லை. "எப்படி உன்கிட்ட வந்துச்சு?" என்றேன்.

"தெரியல சார். கம்பளியில ஒட்டிகினு வந்திருக்கும்."

மேசையே சிரித்தது. என் நண்பன் கரண்டியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை. அது சமாதானமா, நக்கலா? அவர் முகத்தையே பார்த்தேன். எனக்குப் புரியவில்லை. ஆபீசராக ஒரு பதில் சொல்லியாக வேண்டும். எல்லாரும் காத்திருந்தார்கள்.

"போ. நாளைக்கு ஷிப்டுக்கு வந்து சேரு," என்றேன்.

பிறகு நான் கையைத் தூக்கினேன். என்னைச் சோதிக்க அவரே எழுந்து வந்தார். இரண்டு சட்டைக் கைகளையும் தட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, போகலாம்" என்றார். நான் அவர் இடுப்புப் பையைக் காட்டினேன். ஆட்டம் முடிந்துவிட்டது, அவர் திறக்க வேண்டிய கட்டாயம் இல்லை. திறந்தார். உள்ளே பேட்டரி, சாக்பீஸ், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட்.

இந்த வருஷமும் என்னைக் கூப்பிட்டார்கள். என் கதைக்குத்தான் மேசை கொடுத்தார்கள், குள்ளர்கள் இல்லாமல். மேசை கதவுக்குப் பக்கத்தில் இருந்தது, மேலே ஒரு கேமரா. மற்ற மேசைகளுக்கு மேலும் கேமரா இருக்கிறதா என்று நிமிர்ந்து பார்த்தேன். விளக்கு வெளிச்சத்தில் சரியாகத் தெரியவில்லை.

ஆட்டம் முடிந்ததும் ஆட்டக்காரர்களைப் போகவிடவில்லை. கம்பளியின் இரண்டு முனைகளை நண்பன் பிடித்தான், இரண்டு முனைகளை நான் பிடித்தேன். கேமராவுக்கு நேராகத் தூக்கி, எல்லாரும் பார்க்க உதறினோம். ஒரு பென்சிலும் கொஞ்சம் சிப்ஸ் தூளும் விழுந்தன.

"பென்சில் யாருது?" என்று கேட்டேன். யாரும் என்னுடையது என்று சொல்லவில்லை.