தை மாதத் தார்ப்பாய்

தை மாதத்தில் மழை பெய்யாது என்று அடித்துச் சொன்னவன் நான். பள்ளிக்கூடத்தில் பூகோளம் நடத்திய வாய், சும்மா இருக்குமா? மகள் கல்யாணத்துக்கு வீட்டு முற்றத்தில் பந்தல். மேலே வெள்ளைத் துணி போதும், தார்ப்பாய் கட்டினால் அழகு கெட்டுவிடும் என்று சொல்லிவிட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரர் அருமனை ஊர்ப்பக்கம் ஒரு தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டுபவர். "சாரே, இப்பம் தையிலயும் மழ பெய்யுது. தார்ப்பாய் கெட்டுங்க" என்றார்.

"காலநிலை மாறுகது நம்ம கண்ணுக்குத் தெரியுமா ஓய்? அதுக்கு முப்பது வருசக் கணக்கு வேணும்" என்று அவருக்கும் பாடம் எடுத்தேன்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் சொந்தக்காரர்களை அழைத்துவர பஸ் ஸ்டாண்டுக்குப் போய்த் திரும்பினால், பந்தல்மேல் நீலத் தார்ப்பாய். பக்கத்து வீட்டுக்காரரும் அவர் தம்பியும் தோட்டத்தில் இரவல் வாங்கிக் கட்டியிருந்தார்கள். எனக்கு வந்ததே கோபம்! அவிழ்க்கச் சொன்னேன்.

"கல்யாணம் முடியட்டு சாரே, நானே அவுக்கேன்."

மறுநாள் முதல் பந்திக்கு இலை போட்டு, பருப்பு விளம்பும்போது மழை கொட்டியது. இலையில் ஒரு சொட்டு விழவில்லை. சம்பந்தி வீட்டார் அடைப்பிரதமன் பாயசத்தை மூன்று தடவை கேட்டு வாங்கிக் குடித்தார்கள். என் மானம் தப்பியது.

நாலு நாள் கழித்து நன்றி சொல்ல அவர் வீட்டுக்குப் போனேன். சுவரில் ஒரே ஆணியில் சுனாமிக்கு மறுவருஷம் தொடங்கி எல்லாக் காலண்டரும் தொங்கின. விடியற்காலையில் மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது. அப்படி வேலை கெட்ட நாளிலெல்லாம் பென்சிலால் பெருக்கல் குறி போட்டிருந்தார். தை மாதத் தாள்களைப் புரட்டினேன். பழையவை சுத்தமாக இருந்தன. பிந்தியவற்றில் இரண்டும் மூன்றுமாகக் குறிகள். முப்பது வருஷம் ஆகவில்லையே என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

கல்யாண நாளில் மட்டும் ஒரு வட்டம்.

"அன்னைக்கு விடியக்காலம் மழ இல்லையே, வெட்டுக்குப் போகலியா?"

"மேகம் கறுத்துக் கெடந்துது சாரே. பந்தலுக்கு ஒரு ஆளு வேணும்லா? நம்ம பிள்ளைக்க கல்யாணமாக்கும்."

தார்ப்பாயில் தேங்கிய தண்ணீரைக் கம்பால் தள்ளிக்கொண்டே நின்றவர் அவர்தான். சாப்பிட்டீரா என்றுகூட அன்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்டேன்.

"எல்லாம் சாப்பிட்டேன் சாரே. பிரதமன்தான் தீந்துபோச்சு" என்று சிரித்தார்.

மறுநாள் வீட்டில் ஒரு தூக்குவாளி நிறையப் பிரதமன் காய்ச்சச் சொல்லி, நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.