பைனாகுலருக்கு வைத்த பொட்டு

ஜான்-டலோன் சந்தையில் றெஜானின் உருளைக்கிழங்குக் கடைக்குப் போய்ப் பேரின்பநாதன் எங்கே என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. பெரி எங்கே என்று கேட்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக அங்கே மூட்டை தூக்குகிறவர், சோளப் பெட்டி அடுக்குகிறவர். சொந்த ஊர் திருகோணமலை, வயது ஐம்பத்தொன்று. மகா கோபக்காரர். ஆனால் கோபத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் காட்டுவார். சந்தையில் வாயைத் திறந்தால் பிரெஞ்சில் நன்றி சொல்கிற மெர்சியைத் தவிர வேறொன்றும் வராது.

நவம்பர் வந்தால் மனிதருக்கு வயிற்றெரிச்சல். றெஜானும் அவன் தம்பிமார் இரண்டு பேரும் கூட்டாளி கயேத்தானும் ஒரு கிழமை மான் வேட்டைக்குப் போய்விடுவார்கள். பெரி குளிரில் விறைத்துக்கொண்டு கடை பார்ப்பார். அது போகட்டும். திரும்பி வந்தவர்கள் அடுத்த நவம்பர் வரை அந்த ஒரு கிழமையைத்தானே கதைப்பார்கள்! யார் தும்மி மான் ஓடியது, யார் வாய்க்காலுக்குள் விழுந்தது என்று ஒரே சிரிப்பு. போகாத பேரின்பநாதனும் சேர்ந்து சிரிக்க வேண்டும். பந்தியில் இருத்தாமல் ஏப்பம் மட்டும் விடச் சொன்னால் எப்படி இருக்கும்? ஒருமுறையாவது அந்தக் கதைக்குள் தானும் இருக்க வேண்டும் என்பது அவருடைய பன்னிரண்டு வருட ஆசை.

2007இல் கயேத்தானுக்கு முழங்கால் பழுதாகிவிட்டது. அவன் துவக்குத் தூக்குகிறவன் அல்ல, பார்த்துச் சொல்கிறவன். அவர்கள் போகிற இடம் அறுவடை முடிந்த சோள வயல், ஒரே வெட்டவெளி. மான் அரைக் கிலோமீற்றருக்கு அப்பால் வந்து நிற்கும். அவர்களுடைய அனுமதிச் சீட்டுக்குக் கொம்புள்ள மானைத்தான் சுடலாம். அந்தக் கொம்பும் ஒரு விரல் நீளமாவது இருக்க வேண்டும். இருக்கிறது என்று பார்க்கிறவன் சொல்லும்வரை எவனும் சுடக்கூடாது.

"பெரி, உனக்குக் கண் நல்லதா?" என்று றெஜான் கேட்டான். "இந்த வருடம் வந்து பார். சரிவந்தால் கயேத்தானின் இடம் இனி உனக்கு. சரிவராவிட்டால் என் மருமகன் கேட்டுக்கொண்டு நிற்கிறான். பைனாகுலர் நீதான் கொண்டுவர வேண்டும்."

பேரின்பநாதனுக்குக் கால் நிலத்தில் படவில்லை. ஆனால் நம்மவர்கள் மத்தியில் ஒரு சாமான் வாங்கப்போகிறோம் என்று வாய்விடலாமா? விட்டார், மாட்டிக்கொண்டார். மனைவி புஷ்பராணியின் தமையன் விமலநாதன் லவாலில் இருந்து புது மெட்றோ ஏறி வந்து இறங்கினார். கழுத்தில் உலக்கைபோல ஒரு பைனாகுலர். பத்து மடங்கு பெரிதாகக் காட்டுவதை வாங்கலாம் என்றிருக்கிறேன் என்று பேரின்பநாதன் சொல்லி முடிக்கவில்லை.

"பத்தோ? பத்து மடங்கோ? உமக்கென்ன விசரே மச்சான்? நான் வைச்சிருக்கிறது இருபது! எங்கட பல்கனியில நிண்டு பாத்தனெண்டால் ஆத்துக்கு அங்கால வீட்டில என்ன கறியெண்டு சொல்லுவன்."

பேரின்பநாதன் அதைக் கையில் வாங்கித் தெருமுனைக் கடையின் பெயர்ப்பலகையைப் பார்த்தார். பலகை பேய் பிடித்ததுபோல ஆடியது. பொழுதும் சாய்ந்திருந்ததால் எழுத்தெல்லாம் கறுத்துக் கிடந்தது.

"ஆடுது மச்சான்."

"அது பைனாகுலர் ஆடேல்ல, உம்மட கைதான் ஆடுது. டொக்டரைப் பாரும்."

அதோடு மச்சானின் பேச்சுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு, லொங்குய்யில் வேட்டைச் சாமான் விற்கிற ஒரு கடைக்கு மெட்றோவின் மஞ்சள் பாதையில் மூன்று ஞாயிறு அலைந்தார். கடைக்காரர் ஒரு கிழவர், சிரிக்காத முகம். முதல் ஞாயிறு மூக்குக்கண்ணாடியோடு எதை எடுத்துப் பார்த்தாலும் ஓரமெல்லாம் கறுப்பு வளையம். தன் கண்தான் போய்விட்டதாக்கும் என்று பேரின்பநாதன் பயந்தே போனார். கிழவர் கண் வைக்கிற றப்பர் வளையத்தைத் திருகி உள்ளே அமுக்கினார். "மூக்குக்கண்ணாடி போட்டவன் இதை உள்ளே தள்ள வேண்டும்." அடுத்த ஞாயிறு எட்டா பத்தா என்ற குழப்பத்தோடு போய், குழப்பத்தோடேயே வந்தார். மூன்றாம் ஞாயிறு கிழவர் அவரை அந்திநேரம் கடைக்கு வெளியே கூட்டிக்கொண்டு போய் நிறுத்தினார்.

"காட்டுக்குள் என்றால் எட்டு. வெட்டவெளி என்றால் பத்து. அதற்கு மேலே போனால் உன் நெஞ்சு அடிக்கிற அடிக்கே மான் ஆடும். மான் மத்தியானத்தில் வராது. இப்போது எது தெளிவாகத் தெரிகிறதோ அதை எடு."

பத்து மடங்கு, முன்கண்ணாடி நாற்பத்திரண்டு மில்லிமீற்றர். வாகனத் தரிப்பிடத்தின் கடைசிக் காரின் இலக்கத்தகட்டை அந்த மங்கலிலும் ஒவ்வோர் எழுத்தாக வாசித்தார் பேரின்பநாதன். அவர் கட்டின கலியாணம், வந்த நாடு, இருக்கிற வீடு எல்லாமே மற்றவர்கள் பார்த்து முடித்தவை. தானே தேடி, தானே தெரிந்து வாங்கியது இது ஒன்றுதான். பெட்டியைக் கொடுக்கும்போது கிழவர் ஒரே ஒரு புத்தி சொன்னார். "கண்ணாடியில் என்ன பட்டாலும் முதலில் ஊது. ஊதாமல் துடைத்தால் கீறிப்போகும்."

கிணற்றைத் தாண்டுகிறவன் முக்காலும் தாண்டி மிச்சத்தில் விழுகிற கதை இனித்தான் வருகிறது. அந்தக் கிழமை சரஸ்வதி பூசை. விஜயதசமியன்று பேரின்பநாதன் வேலை முடிந்து வந்து சாமி அறையை எட்டிப் பார்த்தார். மகள் சாருஜாவின் புத்தகங்கள், காரைத் திறக்கிற திறப்பு, சந்தையில் பெட்டி வெட்டுகிற அவருடைய கத்தி. நடுவே, சிவப்புப் பட்டுத் துணியில் மல்லாக்காக, அவருடைய பைனாகுலர். முன்கண்ணாடி இரண்டிலும் அப்பம்போலத் தடிப்பாகச் சந்தனம். அதன் நடுவில் குங்குமம்.

"இஞ்சேர்! என்ன வேலை பாத்திருக்கிறீர்!"

"என்ன வேலை? புதுச் சாமானைப் பூசையில வையாமல் பாவிக்கிறதே? போன வருசம் காருக்கு வைச்சனான், அப்ப ஒண்டும் சொல்லேல்லத்தானே?"

"காருக்குப் பொட்டு வைச்சால் கார் ஓடும்! இது பாக்கிற சாமானடியப்பா! கண்ணாடியில பூசினால் என்னத்தைப் பாக்கிறது?"

கோபம் தலைக்கேற அதைத் தூக்கிச் சேட்டுத் தலைப்பால் அழுத்தித் தேய்த்தார். காய்ந்த சந்தனம் கரகரவென்றது. பாதியில் கிழவரின் குரல் காதில் கேட்டது. கை நின்றது. பிந்திவிட்டது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இரண்டு கண்ணாடியிலும் வட்டம் வட்டமாகக் கீறல், விளிம்பில் மஞ்சள் கறை. பொட்டு வைத்தது அவள், கீறினது இவர். இனி யாரை ஏசுவது? அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

லொங்குய்க் கிழவர் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார். கண்ணாடி மாற்ற அனுப்பினால் இரண்டு மாதம் செல்லும். வேட்டைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. விமலநாதன் தொலைபேசியில் வந்தார்.

"என்ர இருபதைக் கொண்டுபோம் மச்சான். நான் அண்டைக்கே சொன்னனான்தானே."

"தேவையில்லை," என்று பேரின்பநாதன் தொலைபேசியை வைத்தார். அந்தச் சொல்லை ஆயுள் முழுக்கக் கேட்பதற்கு அவர் தயாராக இல்லை.

வேட்டையின் கடைசி நாள் பின்னேரம். அதுவரை ஒரு மானும் வெளியே வரவில்லை. வைக்கோல் உருளை ஒன்றின் பின்னால் நாலு பேரும் படுத்துக் கிடந்தார்கள். சூரியன் வயலின் மறுகரையில் இறங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் சோளக் கட்டைகளுக்கு நடுவே ஒன்று வந்து நின்றது.

"பெரி," என்றான் றெஜான் மெதுவாக. "கொம்பு?"

பேரின்பநாதன் கீறின பைனாகுலரையே கண்ணில் வைத்தார். சாய்ந்த வெயில் கீறல் எல்லாவற்றிலும் ஏறிப் பற்றிக்கொண்டது. எங்கும் ஒரே மஞ்சள் புகை. புகைக்குள் நாலு கால் தெரிந்தது, முதுகு தெரிந்தது. தலைக்கு மேலே கொம்பா, பின்னால் நின்ற சோளத்தாளா?

"பெரி! கொம்பு இருக்கா இல்லையா?"

இருக்கிறது என்று ஒரு சொல் சொன்னால் போதும். வாய்வரை வந்துவிட்டது. கொம்பில்லாத பிணைமானாக இருந்தால்? தண்டமும் கட்டி, றெஜானின் துவக்கும் பறிபோகும்.

"தெரியேல்ல," என்றார் தமிழில். பிறகு பிரெஞ்சில் சொன்னார்.

மான் ஆறுதலாக நடந்து மேட்டில் ஏறியது. வானத்துக்கு எதிரே ஒரு கணம் நின்றது. பைனாகுலரே தேவையில்லை, வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. ஆள் உட்காருகிற கதிரை அகலத்துக்குக் கொம்பு! றெஜான் துவக்கைத் தூக்குவதற்குள் அது மறுபக்கம் இறங்கிவிட்டது. வாகனத்தில் வரும்போது றெஜான் ஏசவில்லை. "அடுத்த வருடம் மருமகன் வரட்டும்," என்று மட்டும் சொன்னான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் புஷ்பராணிக்குக் கொடுக்கவேண்டிய ஏச்சை ஒழுங்குபண்ணிக்கொண்டே வந்தார். கதவைத் திறந்தால், மான் இறைச்சி வருமென்று மிளகும் மல்லியுமாகச் சரக்கு வறுத்த வாசம். மேசையில் விமலநாதன்.

"உம்மட பொட்டால என்ர இடம் போச்சுது! பன்ரண்டு வருச ஆசை போச்சுது! ஒரு மான் இல்லை, மயிர் இல்லை! என்ன பூசை செய்தனீர்? ஆருக்குச் செய்தனீர்?"

புஷ்பராணி அடுப்பை நிற்பாட்டினாள்.

"மான் கிடைக்கவேணுமெண்டு ஆர் கும்பிட்டது? எங்கட அப்பா மான் வெடிக்கெண்டு துவக்கோட கன்னியாக் காட்டுப் பக்கம் போனவர். போனது நாலு பேர். ஒருத்தரும் திரும்பி வரேல்ல. நீங்களும் துவக்குக்காறரோட நாலாவது ஆளாப் போறியள். பத்திரமா வரவேணுமெண்டுதான் பொட்டு வைச்சனான். வந்திட்டியள்தானே?"

மாமனார் சண்டைக் காலத்துப் பிரச்சினைக்குள் போய்விட்டார் என்று மட்டுந்தான் பேரின்பநாதனுக்கு இத்தனை வருடமும் சொல்லப்பட்டிருந்தது. அவர் மச்சானைப் பார்த்தார். எல்லாம் தெரிந்த விமலநாதன் குனிந்து கோப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஏச்சு இன்னும் முக்கால்வாசி மிச்சமிருந்தது. அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியாமல் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் இருந்துவிட்டார். அன்றிரவு அந்தச் சரக்கில் கோழி வெந்தது.

திங்கட்கிழமை சந்தை. கடை முன்னால் ஒரு கூட்டம். நடுவே றெஜான் கதை சொல்லிக்கொண்டிருந்தான். "கதிரை அளவு கொம்பு! நம்முடைய பெரி இப்படி வைத்துக்கொண்டு, தெரியவில்லை என்கிறான்!" கையைக் கண்ணில் வைத்துக் காட்டினான். முழங்காலைப் பிடித்தபடி கயேத்தான் கண்ணீர் வரச் சிரித்தான். அடுத்த நவம்பர் வரை இந்தக் கதைதான் ஓடும் என்று பேரின்பநாதனுக்குத் தெரியும். பன்னிரண்டு வருடம் கேட்டது கிடைத்துவிட்டது. கதைக்குள் வந்துவிட்டார். மூட்டையைத் தோளில் ஏற்றிக்கொண்டு அவரும் சிரித்தார், சிரிக்காமல் என்ன செய்கிறது?