தவிட்டுக்கு ஒரு பிள்ளை

பிரசவத்துக்காகச் சின்னசேலத்தில் எங்கள் வீட்டுக்கு வந்த அக்கா, குழந்தை பிறந்த பிறகு யாரோடும் பேசவில்லை. குழந்தை தூங்கினாலும் அவள் தூங்குவதில்லை. "ஆம்பளப் புள்ளய பெத்துட்டு இன்னாடி மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீற?" என்று அம்மா அதட்டுவார். காலேஜ் படிக்கும் நானும் ஓவர் சீன் போடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

ஒருநாள் அக்கா, "இவன யாருக்குனா தவுட்டுக்குக் குடுத்துடலாம்" என்றாள்.

'உன்னைத் தவிடு கொடுத்து வாங்கினோம்' என்று எங்கள் பக்கம் எல்லாக் குழந்தைகளையும் சீண்டுவார்கள். அம்மா சிரித்தார். "எனக்கே குடு, ஒரு மூட்ட தவுடு எறக்கறேன்" என்று நானும் கலாய்த்தேன்.

அக்கா குழந்தையை என் மடியில் வைத்தாள். "எடுத்துக்கினு போயிடுடி. என்கிட்ட இருந்தா செத்துடுவான்."

சிரிப்பை விட்டுவிட்டுக் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"கண்ணு பட்டிருக்கும். மந்திரிச்சா சரியா பூடும்" என்றார் அம்மா.

"அப்பறமா மந்திரிச்சிக்கோமா. மொதல்ல ஆஸ்பத்திரிக்குக் கெளம்பு" என்றேன்.

கள்ளக்குறிச்சியில் டாக்டரம்மா அக்காவிடம் நிதானமாகப் பேசிவிட்டு எங்களிடம் சொன்னார்: "இது திமிர் இல்லம்மா. பிரசவத்துக்கு அப்பறம் வர்ற மனச்சோர்வு, கொணமாயிடும். மாத்திரைய நிறுத்தாதீங்க. அவள தனியா வுடாதீங்க, நல்லா தூங்க வுடுங்க."

அன்றிலிருந்து அம்மாவும் அக்காவின் கணவரான மாமாவும் நானும் மாற்றி மாற்றிக் குழந்தையைப் பார்த்துக்கொண்டோம். அக்கா தூங்கினாள். மெல்ல மெல்லப் பேசவும் ஆரம்பித்தாள்.

போன வாரம் குழந்தைக்குத் தலை துவட்டிக்கொண்டே, "எங்கடி என் தவுடு?" என்றாள். இப்போதெல்லாம் அந்தப் பேச்சு வந்தால் முதலில் அவள் முகத்தைத்தான் பார்க்கிறேன். சிரித்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகே நானும் சிரித்தேன்.